தாய்மாமன் மடி

எருமப்பட்டி,
18.1.1985

அன்புள்ள அண்ணாவுக்கு வசந்தாமணி எழுதுவது.

இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மாமியார் எல்லோரும் சுகம். இரண்டாயிரம் கோழிகளும் சுகம். அங்கே நீங்களும் ராமாயி அண்ணியும் பாப்பாவும் சுகம்தானா? பொங்கலுக்கு வருவீர்கள் என்று பரமத்தியில் அம்மா பஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்ததாக நம் தங்கச்சி மயிலம்மாள் சொன்னாள். என் பிள்ளை செங்கோடன் போனதிலிருந்து நீங்கள் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை, தோன்றியதை எழுதுகிறேன்.

எனக்கு மூன்றாம் மாதம் நடக்கிறது. சந்தோஷமாக எழுத வேண்டிய செய்தி. எனக்கோ சாப்பாடு இறங்கவில்லை. என் மாமியார் இப்போதே எல்லாம் முடிவு செய்துவிட்டார். "பையன் பொறந்தா அதே பேருதான். ஒரு வயசுலயே காது குத்திப்போடோணும். போன தடவ மூணு வருசம் இழுத்தடிச்சயில்ல, அதுதான் ஆத்தா கோவிச்சுக்கிட்டு எடுத்துக்கிட்டா" என்கிறார். இரண்டரை வருஷமாக நான் தினமும் கேட்கிற பாட்டு இது. கேட்டுக் கேட்டு நானும் பாதி நம்பிவிட்டேன்.

ஆனால் அண்ணா, உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் அவனுக்குக் காது குத்தினோம். கடுகளவு ஓட்டை. மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. நம் தம்பி ராசுவும் ஏழு வயதில் ஒரு பல் விழுந்து, ரத்தம் நிற்காமல்தானே போனான்? அவனுக்கு எந்த ஆத்தா கோபித்தாள்? நீங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறீர்கள். அங்கே எந்த டாக்டரிடமாவது இதைக் கேட்டதுண்டா? கேட்டு எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
வசந்தா


சென்னை,
30.1.1985

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். பனியில் கோழிக் கொட்டகைப் பக்கம் போய் நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு.

நீ கேட்டதை எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரிடம் போன வாரம் கேட்டேன். இது ரத்தம் உறையாத நோய். ஹீமோபீலியா என்பார்கள். பரம்பரையாக வருவது. பெண்கள் இதைச் சுமப்பார்கள், பெரும்பாலும் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அவர்களுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி இந்த நோய் வரும். பெண் பிள்ளைக்கு நோய் வராது, ஆனால் அவளும் பாதிக்குப் பாதி சுமப்பாள். அம்மாவிடமிருந்து ராசுவுக்கு வந்தது. அம்மாவிடமிருந்து உனக்கு வந்து, உன்னிடமிருந்து செங்கோடனுக்குப் போயிருக்கிறது. இதில் ஆத்தாவும் இல்லை, நீ செய்த தப்பும் இல்லை.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. நாலாம் மாதம் முடிகிற சமயம் வயிற்றில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். நோய் இருக்கிறதா என்று இங்கே அதில் பார்க்க முடியாது. அதனால் ஆண் என்றால் கலைத்துவிடுவதுதான் நல்லது, பெண் என்றால் கவலையில்லாமல் பெற்றுக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். மார்ச் முதல் வாரத்தில் வந்து சேர். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

யாரிடமும் மூச்சு விடாதே. மயிலம்மாளுக்குக் குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிற வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். இது தெரிந்தால் அவளை யார் கட்டுவார்கள்? படித்ததும் கிழித்துப் போடு.

அன்புடன்,
தங்கமுத்து


எருமப்பட்டி,
9.2.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதிவிட்டேன். எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் வேறு எதுவும் மரியாதையாக வராது.

ஆத்தா எடுக்கவில்லை என்று எழுதினீர்கள். அந்த வரியை நாலைந்து தடவை படித்து அழுதேன். அடுத்த வரிகளைப் படித்து அழுகை நின்றுவிட்டது. பாதிக்குப் பாதி என்றால் நோயில்லாத பையனாகவும் இருக்கலாம்தானே? அவனையும் சேர்த்தா கலைப்பது? செங்கோடன் மூன்று வருஷம் இந்த வீட்டில் ஓடி விளையாடினான். அந்த மூன்று வருஷமும் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. இன்னொரு தடவை அந்த மூன்று நாளைப் பார்க்கவும் முடியாது. இரண்டும் உண்மை.

மெட்ராஸ் போக வேண்டுமென்றால் அவரிடம் சொல்லாமல் எப்படிக் கிளம்புவது? ஆண் பிள்ளைக்கு ஆபத்து இருக்கலாம், ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று அண்ணன் எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் காதில் ஊசி மட்டும்தான் விழுந்தது. நேராகப் போய், "ஆணா பொண்ணானு முன்னாடியே சொல்லிப்போடறாங்களாமா" என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். மாமியார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "அப்பப் போயிட்டு வாங்க சாமி. பொட்டப்புள்ளைனா அங்கயே முடிச்சுட்டு வந்துருங்க." பையனுக்குத்தான் ஆபத்து என்று மறுபடி சொன்னேன். "பையன வேண்டாம்னு எந்தக் கிறுக்கன் சொல்லுவான்?" என்று சிரித்தார் உங்கள் மாப்பிள்ளை.

எங்கள் கொட்டகைக்குக் குஞ்சு வரும்போது சேவல் குஞ்சுகளைக் கழித்துவிட்டுப் பெட்டையை மட்டும் அனுப்புகிறார்கள். வீட்டுக்குள் பெட்டையைக் கழிக்க வேண்டுமாம். பையன் என்றால் நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். பெண் என்றால் இவர்கள் வேண்டாம் என்கிறார்கள். என் பிள்ளை எதுவாக இருந்தால்தான் பிறக்கலாம், சொல்லுங்கள்!

இன்னொன்று. அந்த டாக்டரிடம் போன வாரம்தான் கேட்டீர்களா? ராசு போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறதே, அதனால் கேட்கிறேன்.

வசந்தா


சென்னை,
16.2.1985

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

யாரிடமும் சொல்லாதே என்றால் அடுத்த நாளே சொல்லிவிட்டு வந்து என்னிடம் சண்டை போடுகிறாய். சரி, நடந்தது நடந்துவிட்டது. பெண் என்றால் கலைக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு எங்கள் டாக்டர் இந்தப் பரிசோதனையைச் செய்யமாட்டார். உன் விஷயம் வேறு என்று நான் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். அதனால் மாப்பிள்ளை அங்கே வந்து வாயைத் திறக்கக்கூடாது.

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன், பொறுமையாகப் படி. முடிவை என்னிடம்தான் கொடுப்பார்கள். பையன் என்று வந்தால் நான் மாப்பிள்ளையிடம் பெண் என்று சொல்லிவிடுகிறேன். அவர்களே கலைக்கச் சொல்லிவிடுவார்கள், உன் மேல் பழி வராது. பெண் என்று வந்தால் பையன் என்று சொல்கிறேன். பிரசவம் வரைக்கும் உன் மாமியார் உன்னைத் தரையில் நடக்க விடமாட்டார். பிறந்த பிறகு, பரிசோதனையில் தவறு நேர்ந்துவிட்டது என்று என் மேல் போட்டுக்கொள்கிறேன். பெற்ற பிள்ளையை என்ன செய்துவிடுவார்கள்?

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் இங்கே இருக்க வேண்டும். நாள் தள்ளினால் வம்பு.

தங்கமுத்து


எருமப்பட்டி,
25.2.1985

அண்ணாவுக்கு,

இங்கே அனைவரும் நலம்.

உங்கள் வழியைப் பொறுமையாகத்தான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் நீங்கள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியது சும்மா இல்லை. பையனைப் பெண்ணாக்கி, பெண்ணைப் பையனாக்கி, எல்லோரும் அவரவர் வாயாலேயே நீங்கள் நினைத்ததைச் சொல்லும்படி செய்துவிட்டீர்கள். பெற்ற பிள்ளையை என்ன செய்துவிடுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்ராஸுக்குப் போய் நம் ஊரையே மறந்துவிட்டீர்களா? நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

மயிலம்மாள் விஷயமும் எனக்கு உறுத்துகிறது. அவளும் சுமக்கிறாளோ என்னவோ. அது தெரியாமலே அவளைக் கட்டிக்கொடுத்து, அவள் பிள்ளையும் ஒருநாள் காது குத்திக்கொள்ள உட்காரும். அன்றைக்கும் நீங்கள்தான் தாய்மாமன். அன்றைக்கும் நாம் வாயை மூடிக்கொண்டு சீர்த்தட்டு எடுத்துப் போக வேண்டுமா?

ஆனாலும் வருகிறேன். வேறு யார் எனக்கு இருக்கிறார்கள்? உங்கள் மாப்பிள்ளை பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டார். மூன்றாம் தேதி நாமக்கல்லில் நடக்கிற கல்யாணத்துக்கு ராமாயி அண்ணி வருகிறார்களாமே, அங்கே பார்த்துக்கொள்கிறேன்.

டாக்டரிடம் எப்போது கேட்டீர்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். பதில் இல்லை.

வசந்தா


சென்னை,
1.3.1985

அன்புத் தங்கைக்கு,

நலம். எட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். படுக்கைக்குச் சொல்லிவிட்டேன். மாற்றுப் புடவை இரண்டு எடுத்து வா. மற்றவை நேரில்.

தங்கமுத்து


எருமப்பட்டி,
12.3.1985

அண்ணாவுக்கு,

ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை மணி வரைக்கும் நின்றீர்களோ தெரியாது. நான் வரவில்லை. அவரிடம் தலை சுற்றுகிறது, பஸ்ஸில் ஏற முடியாது என்று பொய் சொன்னேன். பொய் நம் குடும்பத்துக்குச் சுலபமாக வருகிறது.

நாமக்கல் கல்யாணத்தில் அண்ணியைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகத்தான் ஆரம்பித்தார்கள். "பயப்படாதீங்க அம்மிணி. உங்கண்ணன் டாக்டருகிட்ட எல்லாம் கேட்டு வச்சிருக்காரு. எங்க கண்ணாலத்துக்கு முந்தியே எங்கய்யன், அந்தத் தம்பி ரத்தம் நிக்காமச் செத்தானாமே, மாப்பிள்ளைக்கும் அந்த நோவு இருக்குதானு கேட்டதுக்கு, உங்கண்ணன் டாக்டரு எழுதிக் குடுத்த பேப்பரே கொண்டாந்து காட்டினாரு. அவருக்கு இல்லீங்களாம், அவரு பிள்ளைகளுக்கும் வராதுங்களாம், அந்த ஊட்டுப் பொம்பளைங்க வழியாத்தான் வருமாம்." பெருமையாகச் சொன்னார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உங்கள் கல்யாணம் 1981 தை மாதம். அப்போது செங்கோடனுக்கு ஒன்றரை வயது. அந்த வருஷம் ஐப்பசியில் நான் உங்களுக்கு எழுதினேன்: விழாமலே இவனுக்கு முழங்கால் வீங்கி நீலம் கட்டுகிறது, என்னவாக இருக்கும் என்று. உங்கள் பதில் என் பெட்டியில் இருக்கிறது. "ஓடுகிற பிள்ளைக்கு அடிபடத்தான் செய்யும், கவலைப்படாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். கிழித்துப் போடு என்று அதில் எழுத மறந்துவிட்டீர்கள்.

அடுத்த வைகாசியில் அவனை மடியில் வைத்துக்கொண்டு தலையைப் பிடித்துக் காட்டினீர்கள்.

உங்களுக்கு நோய் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். உங்கள் மாமனாருக்குச் சொன்னீர்கள். அவர் வீட்டுப் பெண்ணுக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று பேப்பர் காட்டினீர்கள். எனக்குச் சொல்லவில்லை. இரண்டரை வருஷமாக இந்த வீட்டில் பிள்ளையைத் தின்றவள் என்று பேச்சு வாங்குகிறேன், அப்போதும் சொல்லவில்லை. நானாகக் கேட்ட பிறகு, போன வாரம் கேட்டேன் என்கிறீர்கள்.

இப்போது ஊசி போட்டு நீங்கள் வெளியே வந்து பையன் என்றாலும் நான் நம்பமாட்டேன், பெண் என்றாலும் நம்பமாட்டேன். பையனைப் பெண் என்று சொல்லத் தெரிந்தவர் என்னிடம் மட்டும் ஏன் உண்மையைச் சொல்லப் போகிறீர்கள்?

வசந்தாமணி


சென்னை,
20.3.1985

வசந்தா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பாய். ஆனாலும் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது?

நீ எழுதியது எல்லாம் உண்மை. ராமாயியிடம் கோபித்துக்கொண்டேன், பிறகு அவளிடம் என்ன கோபம் என்று விட்டுவிட்டேன்.

என் கல்யாணம் நின்றுவிடக்கூடாது என்று அந்தப் பேப்பரை வாங்கினேன். எனக்கு இல்லை என்று டாக்டர் சொன்னதும் அப்படி ஒரு நிம்மதி. பொம்பளைகள் வழியாக வரும் என்று அவர் சொன்னபோது உன் முகமும் மயிலம்மாள் முகமும்தான் கண்ணில் வந்தன. சொன்னால் உன்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவளைக் கட்ட யாரும் வரமாட்டார்கள். பாதிக்குப் பாதிதானே, நம் செங்கோடன் அந்த நல்ல பாதியாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். முழங்கால் நீலம் என்று நீ எழுதினபோதும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். நினைக்க முடியாமல்தான் அந்த ஒரு வரியோடு பதிலை முடித்தேன்.

காது குத்துகிற அன்று ஆசாரி கம்பியை எடுத்தபோது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பந்தல் நிறையச் சனம். என் மாமனார் எதிரே உட்கார்ந்திருந்தார். அவனும் அழாமல் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். சொல்லவில்லை. அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை வசந்தா.

இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அதற்கு மேல் டாக்டர் கை வைக்கமாட்டார். என்னை நம்ப வேண்டாம். முடிவை டாக்டரே உன்னிடம் நேரில் சொல்லட்டும், நான் அறைக்கு வெளியே நிற்கிறேன். பெற்றுக்கொள்வதோ வேண்டாம் என்பதோ நீ சொல்வதுதான். வந்துவிடு.

தங்கமுத்து


சென்னை,
4.5.1985

வசந்தா,

இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. இனி ஊசியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாதே, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போ. தம்பிக்கும் மகனுக்கும் நடந்ததை டாக்டரிடம் முன்னாலேயே சொல். அதையாவது கேள்.

மயிலம்மாளிடம் நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயாம். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே வாயைத் திறந்து சொன்னாளாம். குமாரபாளையத்துக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். நான் எதற்குப் பயந்து நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அதுவே நடந்துவிட்டது. இப்போது உனக்குத் திருப்திதானே? உண்மையைச் சொன்னவர்களுக்கு நம் பக்கத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிட மனமில்லை, இருக்கட்டும்.

தங்கமுத்து


எருமப்பட்டி,
15.5.1985

அண்ணாவுக்கு,

திருப்தி இல்லை. மயிலம்மாள் நாலு நாள் அழுதாள். ஐந்தாம் நாள் எழுந்து தலை சீவிக்கொண்டு, "கண்ணாலத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா இதைவிட எத்தன நாள் அழுதிருப்பேன் அக்கா?" என்று என்னிடம் கேட்டாள். உங்களிடமும் கேட்கச் சொன்னாள்.

நாமக்கல் டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கவனித்துக்கொள்கிறார்.

வசந்தாமணி


எருமப்பட்டி,
26.8.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தந்தி வந்தது. "பிரசவமாகிவிட்டதா. ஆணா பெண்ணா. உடனே தெரிவி." தபால்காரர் அதை எல்லோர் முன்னாலும் படித்துவிட்டுப் போனார்.

பதினெட்டாம் தேதி நாமக்கல் ஆஸ்பத்திரியில் பிறந்தது. நானும் பிள்ளையும் சுகம். தொப்புள்கொடி விழுந்த இடத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறேன். இதுவரை பயமில்லை.

ஆணா பெண்ணா என்று இதில் எழுதப் போவதில்லை. அம்மாவும் மயிலம்மாளும் உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் தெரியாதவர் ஒருவருக்குச் சொல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களும் கொஞ்ச நாள் பாருங்கள்.

மாமியார் இப்போதே ஐப்பசிக்கு நாள் பார்த்து ஆசாரிக்குச் சொல்லியனுப்பிவிட்டார். ஆண் பெண் எதுவானாலும் காது குத்தித்தானே ஆக வேண்டும், இந்தத் தடவை ஒரு வயது வரைக்கும்கூட ஆத்தாவைக் காக்க வைக்கக்கூடாதாம். எல்லாவற்றையும் நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். ராசுவைச் சொன்னேன், ரத்தத்தைச் சொன்னேன். "செஞ்ச தப்ப மறைக்கப் புதுசா ஒரு கதை கட்டிக்கிட்டு வாரா" என்றார். உங்கள் மாப்பிள்ளை என் முகத்தையும் பார்க்காமல் தன் அம்மா முகத்தையும் பார்க்காமல் கொட்டகைக்குப் போய்விட்டார். நான் சொன்னால் இந்த வீட்டில் எடுபடாது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அண்ணன் சொன்னால் எடுபடும்.

அதனால் நீங்கள் வர வேண்டும். ஐப்பசிக்கு அல்ல, இந்த வாரமே. சீர்த்தட்டு வேண்டாம். அந்தப் பேப்பரை மட்டும் எடுத்து வாருங்கள். பிள்ளையைத் துணியில் சுற்றி உங்கள் மடியில் வைப்பேன். வைத்துக்கொண்டு, என் மாமியார் முன்னால், உங்கள் மாப்பிள்ளை முன்னால், நம் அம்மா முன்னால், உங்களுக்கு எந்த வருஷம் என்ன தெரிந்தது என்று வாய் திறந்து சொல்லுங்கள். அதைக் கேட்டு என்னை வீட்டை விட்டு அனுப்பினாலும் அனுப்பட்டும், பிள்ளையைத் தின்றவள் என்ற பேர் போதும்.

சொல்லி முடித்த பிறகு துணியை விலக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
வசந்தா